கினிப்பன்றியின் நிறை

முப்பத்தொரு வருடம் கணிதம் படிப்பித்தவன் நான். கொக்குவிலில் எங்கள் ஒழுங்கையில் என்னிடம் குட்டு வாங்காத தலைகளை எண்ண ஒரு கை போதும். அதை ஒரு பெருமையாகவே வைத்திருந்தேன். பக்கத்து வீட்டு ரீச்சரின் கினிப்பன்றி சாகக் கிடந்த நாட்களில்தான் அந்தப் பெருமை எவ்வளவு ஆபத்தானது என்று விளங்கியது.

ரீச்சர் ஓய்வுபெற்ற உயிரியல் ஆசிரியை. தனியே இருப்பவர். வீட்டில் அவர் வாய்விட்டுக் கதைப்பது அந்தக் கினிப்பன்றியோடு மட்டும்தான். அதுவும் பதில் சொல்வதாக அவர் நம்பினார். சிதம்பரத்துக்குப் போவதற்காகக் காங்கேசன்துறையில் கப்பல் ஏறப் போகும்போது கூட்டோடு அதை எங்கள் விறாந்தையில் வைத்துவிட்டு, "பத்து நாள்தான். நான் விட்டிட்டுப் போற மாதிரியே திரும்பித் தாரும், வேறொண்டும் வேண்டாம்" என்றார். "என்ன ரீச்சர், இதென்ன பெரிய வேலையோ?" என்று நான் சிரித்தேன்.

நாலாம் நாள் திங்கட்கிழமை அது தும்மத் தொடங்கியது. மத்தியானத்துக்குள் கண்ணில் பீளை கட்டி, மூச்சு விசில் போல இழுத்தது. மிருக வைத்தியருக்குத் தொலைபேசி எடுத்தேன். அவர் என் பழைய மாணவர்.

"கொண்டு வாங்கோ சேர். ஆனால் ஒண்டு, சின்னத் தராசைத் திருத்தக் குடுத்திருக்கிறம். இஞ்சை இருக்கிறது ஆடு நிறுக்கிறது. ஏலுமெண்டால் வீட்டிலையே நிறுத்துக்கொண்டு வாங்கோ."

இதைவிட எனக்கு வேறென்ன வேண்டும்? எங்கள் வீட்டில் ஆள் ஏறி நின்று நிறை பார்க்கிற மெசின் ஒன்று இருக்கிறது. கினிப்பன்றியை நெஞ்சோடு அணைத்துக்கொண்டு ஏறினேன். குனிந்து முள்ளைப் பார்க்க இடையில் என் வண்டி வயிறு விடவில்லை. மனைவிதான் வாசித்துச் சொன்னாள்.

"எழுபத்தொண்டரை. இனி அதை என்னட்டைத் தந்திட்டுத் தனிய ஏறுங்கோ."

"தேவையில்லை. என்ரை நிறை எழுபது. கிளினிக் கொப்பியிலை எழுதிக் கிடக்கு."

"அது எப்ப எழுதினது?"

"எப்ப எழுதினாலும் எழுபது எழுபதுதான்."

உண்மையான காரணத்தை இப்போது சொல்லலாம். நான் பின்னேரங்களில் நடக்கப் போவதாகச் சொல்லிவிட்டுச் சந்திக் கடையில் வடை தின்றுகொண்டிருந்த காலம் அது. மனைவிக்கு முன்னால் அந்த மெசினில் தனியே ஏற எனக்கு விருப்பமில்லை. ஆகவே எழுபத்தொன்றரையில் எழுபது போக ஒன்றரைக் கிலோ.

வைத்தியர் அதன் நெஞ்சில் குழாயை வைத்துக் கேட்டார். "சளி இறங்கியிருக்கு சேர். அன்ரிபயோட்டிக் குடுக்கத்தான் வேணும். நான் தண்ணியிலை கலந்து தாறன், கிலோவுக்கு ஒரு மில்லி, காலமையும் பின்னேரமும். அளவு மட்டும் கூடக்கூடாது. கூடினால் வயிறு பழுதாகும், சாப்பாட்டை விட்டிடும். உதுகள் சாப்பிடாமல் ஒரு நாள் கிடந்தாலே தப்பிறது கஷ்டம். எவ்வளவு நிறை?"

"ஒண்டரைக் கிலோ."

அவர் கினிப்பன்றியைப் பார்த்தார். பிறகு என்னைப் பார்த்தார். "ஒண்டரையோ, சேர்?"

"ஏன், சந்தேகமோ?"

வகுப்பில் எத்தனையோ தரம் கேட்ட கேள்வி. அதே குரலில்தான் வந்திருக்க வேண்டும். நாற்பது வயது மனிதர் நிமிர்ந்து நின்றார். "இல்லை சேர்" என்று சொல்லி, சீட்டில் ஒன்று தசம் ஐந்து மில்லி என்று எழுதித் தந்தார்.

அன்று மாலை ஊசியில்லாத சிரிஞ்சால் ஒன்றரை மில்லி பருக்கினேன். ஆறு மணிக்கு ரீச்சர் வீடியோவில் வந்தார். "சின்னத் தடிமல், தும்முது. மருந்து எடுத்தாச்சு" என்றேன். செவ்வாய்க்கிழமை காலை ஒன்றரை. அன்று மத்தியானம் அது பூசணித் துண்டைத் திரும்பிப் பார்க்கவில்லை. மருந்து வேலை செய்கிறது, அதுதான் களைப்பு என்று மனைவிக்கு விளக்கினேன். மாலையிலும் ஒன்றரை. ஆறு மணிக்குத் தொலைபேசியைக் கூட்டுக்குத் தூரப் பிடித்து, "நித்திரை ரீச்சர், எழுப்பேல்லை" என்று புழுகினேன். அது நித்திரை இல்லை. கண் திறந்தபடிதான் கிடந்தது.

புதன் காலை வயிற்றாலும் போயிருந்தது. ரோமம் சிலிர்த்து, ஒரு மூலையில் பந்து போலச் சுருண்டு கிடந்தது. ஆனாலும் சீட்டில் எழுதியது எழுதியதுதானே. ஒன்றரை மில்லியை இழுத்துக்கொண்டு, அதை மடியில் வைத்தபடி விறாந்தையில் இருந்தேன். அந்த நேரம் பார்த்துப் படலையடியில் மீன்காரரின் ஹோர்ன் கேட்டது. குருநகரில் இருந்து மோட்டார் சைக்கிளில் வருகிறவர். எங்கள் ஒழுங்கைக்கு வருகிறவர்களில் என்னிடம் படிக்காத ஒரே மனிதர்.

"என்ன மாஸ்டர், மடியிலை எலியோ?"

"எலி இல்லை, கினிப்பிக். சுகமில்லை. மருந்து பருக்கப் போறன்."

"பாவம், வாடிப்போய்க் கிடக்கு. இஞ்சை கொண்டாங்கோ பாப்பம்." கையைக் காற்சட்டையில் துடைத்துவிட்டு அதை ஏந்தினார். "இந்தச் சின்னச் சீவனுக்கு உவ்வளவு மருந்தோ?"

"நிறைக்கு ஏத்த அளவு. ஒண்டரைக் கிலோ."

"ஆர், இதுவோ?" அவர் சிரித்தார். "மாஸ்டர், ஒண்டரைக் கிலோ விளைமீன் தூக்கிப் பாத்திருக்கிறியளே? இது முக்கால் கிலோவும் வராது."

"நான் கணக்குப் பாத்தது."

"நான் கையாலை பாத்தது."

"ஏன், சந்தேகமோ?" என்றேன், பழக்கதோசத்தில்.

"ஓம்" என்றார்.

முப்பத்தொரு வருடத்தில் அந்தக் கேள்விக்கு அப்படி ஒரு பதில் எனக்குக் கிடைத்ததில்லை. அதற்குள் மனைவி வெளியே வந்து, அவருடைய தராசைக் கழுவுவித்து, மேலே ஒரு வாழையிலைத் துண்டைப் போட்டாள். "இலையைக் கழிச்சாச்சு, நீங்கள் ஒண்டும் யோசிக்க வேண்டாம்" என்று மீன்காரர் சொல்லிவிட்டுக் கினிப்பன்றியை வைத்தார்.

எழுநூற்றிருபது கிராம்.

மனைவி உள்ளே போய் நிறை பார்க்கிற மெசினைத் தூக்கிக்கொண்டு வந்து எனக்கு முன்னால் வைத்தாள். மீன்காரரையும் சாட்சியாக வைத்துக்கொண்டு ஏறினேன். முள் எழுபத்தொன்றைத் தொடச் சற்றே குறைவாக நின்றது.

"எழுபதாம், எழுபது!" என்றாள். "உங்கடை வண்டியிலை கூடின எண்ணூறு கிராமுக்கும் சேத்து அந்த வாயில்லாச் சீவனுக்கு மருந்து பருக்கியிருக்கிறியள்!"

சிரிப்பு வரவில்லை. மூன்று வேளையும் இரண்டு மடங்கு கொடுத்திருக்கிறேன். கையில் நாலாவது இருக்கிறது. அதைப் பூமரத்தடியில் ஊற்றிவிட்டு வைத்தியருக்கு எடுத்தேன். முழுவதையும் சொன்னேன்.

"எனக்கும் அண்டைக்கு ஒரு யோசினை வந்தது சேர்."

"பின்னை ஏன் சொல்லேல்லை?"

"நீங்கள் சந்தேகமோ எண்டு கேட்டனீங்கள்..."

"சொல்லும், இனி என்ன செய்ய?" என்று பேனையை எடுத்தேன்.

"சரி சேர், இண்டைக்கு மருந்து வேண்டாம். அதின்ரை தீனை ஊறவைச்சு மசிச்சு, மணித்தியாலத்துக்கு ஒருக்கால் கொஞ்சம் கொஞ்சமாப் பருக்குங்கோ. தானாச் சாப்பிடத் தொடங்கினால் தப்பும். தொடங்கினால் மட்டும் நாளைக்குக் காலமை புள்ளி ஏழு மில்லி."

அன்று முழுவதும் நாங்கள் இருவரும் விறாந்தையை விட்டு எழும்பவில்லை. நான் பிடிக்க, மனைவி பருக்கினாள். பாதி வாயோரத்தால் வழிந்தது. நான் புழுக்கை எண்ணினேன். காலையில் இருந்து மூன்று மணிவரை இரண்டு. எண்ணியதில் பிழையில்லை, மனைவியும் எண்ணிப் பார்த்தாள்.

ஆறு மணிக்குத் தொலைபேசி அடித்தது. எடுக்காமல் விடுவோமா என்று மனைவியைப் பார்த்தேன். அவள் எடுத்து என் கையில் வைத்தாள்.

"ரீச்சர், ஒரு பிழை விட்டிட்டன்" என்று தொடங்கி, சந்திக் கடை வடைவரை ஒன்றும் ஒளிக்காமல் சொன்னேன். சிதம்பரத்து விடுதி அறையில் அவர் மூக்குக்கண்ணாடியைக் கழற்றினார்.

"நேற்று நித்திரை எண்டனீர்."

"ஓம் ரீச்சர்."

"அது இருந்தாலும் சொல்லும், செத்தாலும் சொல்லும். எனக்கு ஒளிக்க வேண்டாம்." பிறகு குரல் கொஞ்சம் இறங்கியது. "காதைத் தொட்டுப் பாரும். சூடோ, குளிரோ?"

தொட்டேன். "இளஞ்சூடு."

"கொத்தமல்லி இருந்தால் தண்டோடை வையும். இலையை மட்டும் வைக்காதையும். பகல் முழுக்கக் கையிலை வைச்சிருந்தது காணும், இனி கொஞ்ச நேரம் தனிய விடும்."

வியாழன் காலை கூட்டைப் பார்த்தபோது கொத்தமல்லித் தண்டைக் காணவில்லை. உண்மையான எலி ஏதும் வந்து கொண்டுபோயிருக்கும் என்றுதான் முதலில் நினைத்தேன். இன்னொரு தண்டை எடுத்துக் கம்பிக்கிடையால் நீட்டினேன். அது மூலையில் இருந்தபடி பார்த்தது. ஒரு தரம் தும்மியது. மெல்ல நகர்ந்து வந்து, தண்டின் நுனியைக் கவ்வி, என் கையில் இருந்து வெடுக்கென்று இழுத்தது. அதன் தாடை அசைவதைப் பார்த்தபடி நான் நிலத்தில் இருந்துவிட்டேன். எழும்ப இரண்டு பேர் வேண்டியிருந்தது. அதற்குக் காரணம் வடை.

ரீச்சருக்கு உடனே படம் அனுப்பினேன். பதில் உடனே வந்தது: "சந்தோசம். மருந்தை இனி உம்மடை மனிசி குடுக்கட்டும்."

அப்படியே செய்தோம். நான் கினிப்பன்றியைப் பிடித்துக்கொண்டேன். மனைவி மருந்தை இழுத்து, வெளிச்சத்துக்கு நேரே தூக்கி, "புள்ளி ஏழு" என்று வாசித்தாள். பிறகு என் முகத்துக்கு முன்னால் நீட்டினாள். "சரியோ எண்டு பாருங்கோ."

கண்ணாடியை ஏற்றிக்கொண்டு நன்றாகப் பார்த்தேன். "சரி" என்றேன்.

"அப்ப இன்னொருக்கால் பாக்கத்தான் வேணும்" என்று சொல்லி, அவள் அதை மறுபடியும் வெளிச்சத்துக்குத் தூக்கினாள்.