கரையோரமாத்தான்

“பொய் சொல்லிட்டுத்தானே போனான்? இல்லன்னு சொல்லு பாக்கலாம்!”

கையிலிருந்த மண்வெட்டியைக் கீழே போட்டுவிட்டுத்தான் மங்கம்மா இதைக் கேட்டாள். நூறு நாள் வேலைக்கு வந்த பெண்கள் ஏரிக்கால்வாய் ஓரத்துப் புங்கமர நிழலில் உட்கார்ந்து தண்ணீர் குடித்துக்கொண்டிருந்த நேரம். கேட்டது பொதுவாக. குத்தியது நிஷாவை.

“சொன்னான். பொய்தான் சொன்னான். இப்ப இன்னான்ற?” என்றாள் நிஷா.

“இன்னான்றேனா? உங்கண்ணன் பாண்டில நிப்பேன்னான், காரைக்கால்ல நிப்பேன்னான், ஒரு போன் போட்டா பஸ்ஸ புடிச்சி ஓடியாந்துடுவேன்னான். உங்கம்மா கண்ண மூடி, காரியமும் முடிஞ்ச அப்பால போன் வருது, சிலோன்லேர்ந்து! கொள்ளி வெக்க உங்க சித்தப்பன் சின்னப்பையன் வரவேண்டியதாப் போச்சி. இதுக்கா செல்லாயி அவன பெத்தா?”

“பாய்மரக் கப்பல்ல ஊர் சுத்தப் போன மவராசனாச்சே. கொள்ளி வெக்க நேரம் ஏது?” என்று அம்முலு பக்கத்திலிருந்து எடுத்துக் கொடுத்தாள். நாலைந்து பேர் சிரித்தார்கள்.

நிஷா சிரிக்கவும் இல்லை, அழவும் இல்லை. தண்ணீர்க் குடத்தை மூடி வைத்துவிட்டு எழுந்தாள். “அந்தப் பொய்ல பாதி என்னுது. திட்டறதா இருந்தா என்னையும் சேத்துத் திட்டு, மங்கம்மாக்கா.”

நிஷாவின் அண்ணன் வசந்த்குமார் பொய் சொன்னான். அதை இல்லை என்று யாரும் சாதிக்க வரவில்லை. ஆனால் ஒரு பொய்யை வாலைப் பிடித்துத் தூக்கிக் காட்டினால், பார்க்கிறவர்களுக்கு வால்தான் தெரியும். தலை எந்தப் பக்கம் இருந்தது என்று கேட்க வேண்டாமா? கேட்டுவிட்டுப் பிறகு காறித் துப்பட்டும்.

திருப்புலிவனத்துக்கு இந்தப் பக்கம் காலனியில் பிறந்தவன் அவன். அப்பன் கதிரறுக்கப் போன இடத்தில் பாம்பு கடித்துப் போய்ச் சேர்ந்தபோது நிஷா கைக்குழந்தை. செல்லாயி நடவுக்கும் களையெடுப்புக்கும் போய் இரண்டு பிள்ளைகளையும் ஆளாக்கினாள். ஏரி நிரம்பிவிட்டால் பயலை வீட்டில் பார்க்க முடியாது. லாரி டியூப்பைக் காற்றடித்துப் போட்டுக்கொண்டு நடு ஏரிக்குப் போய்விடுவான். செல்லாயி கரைமேல் நின்று தொண்டை கிழியக் கத்துவாள்: “கரைக்கு வாடா நைனா! காத்து ஏறுது, கரைக்கு வந்துடு!”

ஏரி ஊர்க்காரர்களுக்குக் கரை என்றால் அதுதான். தண்ணீரைப் பிடித்து நிறுத்தி ஊரைக் காப்பது கரை. தண்ணீரில் மாட்டிக்கொண்டவன் ஓடி ஏறித் தப்பிக்கிற இடமும் கரை. அந்தச் சொல்லுக்கு வேறு குணம் இருக்கும் என்று அங்கே யாருக்கும் தோன்றியதில்லை.

படிப்பு ஏறவில்லை. வாலாஜாபாத் பக்கம் ஒரு ஷெட்டில் பைபர் வேலைக்குப் போனான். தண்ணீர்த் தொட்டி, பாத்ரூம் கதவு, கோயில் திருவிழாவுக்கு அலங்கார வளைவு, எல்லாம் செய்தான். துபாய்க்குப் போகலாம் என்று பாஸ்போர்ட்டு எடுத்து, ஏஜெண்டு கம்பி நீட்டியதில் அது தகரப் பெட்டிக்குள் கிடந்தது. அந்த ஷெட்டுக்குத்தான் தினகரன் ஒருநாள் வந்தார்.

தினகரன் திருப்புலிவனத்து நிலக்காரர் வீட்டுப் பிள்ளை. அவர்கள் கழனியில் செல்லாயி நாற்று நட்டிருக்கிறாள். கப்பலில் இன்ஜினியராக உலகமெல்லாம் சுற்றி, ஓய்வு பெற்று, பெண்டாட்டியையும் பறிகொடுத்துவிட்டு வந்திருந்தார். காசிமேட்டில் யாரோ கைவிட்ட ஒரு பழைய பாய்மரப் படகை வாங்கிப் போட்டிருந்தார். அதன் உடம்பு முழுக்கப் பொத்தல். அடைக்க ஆள் வேண்டும்.

போய்ப் பார்த்த வசந்த்குமார் முதலில் கேட்டது இதுதான்: “இன்னா சார் இது, அடியில கத்தி மாறி ஒன்னு தொங்குது?”

“அதான்டா இதுக்கு உயிரு. காத்து எவ்ளோ சாய்ச்சாலும் கவுறவுடாம இழுத்துப் புடிக்கிறது அதான்.”

அன்றிலிருந்து அதற்குப் பெயரே கத்தி என்றாகிவிட்டது. உளுத்துப்போன அந்தக் கத்தியைத் தேய்த்து, பைபர் துணியை அடுக்கடுக்காக ஒட்டி, காயவைத்து, திரும்பத் தேய்த்து, தன் பிள்ளையைக் குளிப்பாட்டுகிற மாதிரி வேலை பார்த்தான். படகு தண்ணீரில் இறங்கிய பிறகு துறைமுகத்துக்கு வெளியே ஓட்டிப் பார்த்தார்கள். தினகரன் இன்ஜினை நிறுத்தினார். சத்தம் எல்லாம் அடங்கிப் போய், பாய் மட்டும் புடைத்து, படகு ஒரு பக்கமாகச் சாய்ந்துகொண்டு ஓடியது. அந்த நேரத்தில்தான் அவனுக்குப் பிடித்தது அந்தப் பைத்தியம். கடலில் போக வேண்டும் என்ற ஆசை அவனுக்கு இருந்தது. இருந்தால் என்ன? ஆசைப்பட்டது குற்றமென்றால் இந்த ஊரில் ஒருவரும் மிஞ்ச மாட்டார்கள்.

படகைச் சென்னையிலிருந்து கொச்சிக்குக் கொண்டுபோவது என்று தினகரன் முடிவு செய்தார். அங்கே படகுப் பட்டறையில் வசந்த்குமாருக்கு நிலையான வேலைக்கும் பேசி வைத்தார். போகிறவர்கள் இரண்டே பேர். அந்தச் சமயம் பார்த்துச் செல்லாயிக்குக் கால் வீங்கியது, முகம் வீங்கியது. பெரிய ஆஸ்பத்திரியில் பார்த்து, சிறுநீரகம் இரண்டும் போய்விட்டது, உடம்பு தாங்காது, வீட்டிலேயே வைத்துக்கொள்ளுங்கள் என்றார்கள். பழையசீவரத்தில் புருஷன் வீட்டிலிருந்த நிஷா ஒரு பையோடு வந்து சேர்ந்தாள். டாக்டர் சொன்னதை அண்ணனும் தங்கையும் அம்மாவிடம் சொல்லவில்லை. “ஊசி போட்டாங்க, தேறிடும்” என்று மட்டும் சொன்னார்கள். செல்லாயி நம்பினாள்.

காசிமேட்டு அறையில் கடல் வரைபடத்தை மேசைமேல் விரித்து, சுருளாமல் இருக்க நாலு மூலையிலும் டீ கிளாசை வைத்துவிட்டு, எங்கெங்கே நிற்கலாம் என்று தினகரன் பார்க்கத் தொடங்கினார். துறைமுக வாய் எப்படி, ஆழம் எவ்வளவு, நல்ல தண்ணீர் கிடைக்குமா, டீசல் கிடைக்குமா என்று அவர் கணக்கு. வசந்த்குமாரின் கணக்கு வேறு.

“மொதல்ல பாண்டி” என்றார் அவர்.

“பாண்டி சரி சார். திண்டிவனம், மதுராந்தகம், அங்கேர்ந்து உத்திரமேரூர். மதியம் ஏறினா ராத்திரிக்கு வூடு.”

“நான் ஆழத்தைக் கேட்டா நீ பஸ்ஸ சொல்ற?”

“எனக்கு அதான் சார் ஆழம்.”

தினகரன் கண்ணாடியைக் கழற்றி அவனைப் பார்த்தார். செல்லாயியின் நிலைமையை அப்போதுதான் கேட்டுத் தெரிந்துகொண்டார். அப்புறம் அவனைக் கேலி செய்யவில்லை. அவர் ஓர் ஊரைச் சொல்ல, அங்கிருந்து வீட்டுக்கு வழியை இவன் சொல்ல, இரண்டும் ஒத்துப்போன இடத்தில்தான் பென்சில் வட்டம் விழுந்தது. பாண்டி, காரைக்கால், நாகப்பட்டணம். ராமேசுவரம், பாம்பன் பாலத்தைத் தாண்டித் தூத்துக்குடி. அங்கிருந்து செங்கல்பட்டுக்கு ரயில்.

வீட்டுக்கு வந்து அம்மாவிடம் அதைக் கண்டக்டர் மாதிரி கூவிக் காட்டினான். செல்லாயிக்கு ஒரே சந்தோஷம். மருந்து விழுங்குகிறபோது பாண்டி, கஞ்சி குடிக்கிறபோது காரைக்கால். எட்டிப் பார்க்க வருகிறவர்களிடமெல்லாம், “எம்புள்ள எங்கயும் கண்காணாத ஊருக்குப் போவல. கரையோரமாவே போறான். கூப்ட்டா வந்துடுவான்” என்று சொல்லி, நிற்கிற ஊர்களை வரிசையாக ஒப்பிப்பாள். இடையில் ஒன்று விட்டுப்போனால் மங்கம்மாவே எடுத்துக் கொடுக்கிற அளவுக்குத் தெருவுக்கே அது பாடமாகிவிட்டது.

பொங்கல் முடிந்தது. தினகரன் ஒருநாள் சோர்ந்த முகத்தோடு வரைபடத்தை மறுபடி விரித்தார்.

“பாம்பன் வழியா முடியாதுடா. அந்தப் பாதையில போய்வந்தவர் ஒருத்தர விசாரிச்சிட்டேன். அங்க இருக்கிற தண்ணிக்கு நம்ம கத்தி தரை தட்டும்.”

தான் தேய்த்துத் தேய்த்து உயிர் கொடுத்த கத்தி. வசந்த்குமார் வரைபடத்தின் மேல் குனிந்தான். “அப்ப எப்டி சார்?”

“சிலோனச் சுத்தித்தான் போவணும். அதுக்குத் தெக்கு முனையில காலின்னு ஒரு ஊரு, அந்தத் துறைமுகத்துல ஒரு தடவ நின்னுட்டு நேரா கொச்சி.”

“நாகப்பட்டணம் வரைக்குமாவது கரையோரமா...”

“இந்த மாசத்துக் காத்து கடல்லேர்ந்து கரையப் பாத்து அடிக்குது. ஓரமா போனா அப்டியே தள்ளிக்கினு போய் மணல்ல மோதிடும். நீ ஏரிக்காரன், காத்து வந்தா கரைக்கு ஓடணும்னு நெனைக்கிற. பாய்மரத்துக்குக் கடல் எமன் இல்லடா. கரைதான் எமன். அது கண்ணுல படாத தூரம் வெளிய போய்ட்டுத்தான் தெக்கால திரும்பணும்.”

“அதுவரைக்கும் போன்?”

“டவர் ஏது?” என்ற தினகரன் வரைபடத்தைச் சுருட்டிக்கொண்டே, “செல்லாயிய எனக்குத் தெரியும். நீ நின்னுடு. வேற ஆளப் பாத்துக்கறேன். கோவிச்சுக்க மாட்டேன்” என்றார். அந்த மனிதரைக் குறை சொல்ல ஒன்றும் இல்லை.

நிற்கத்தான் வசந்த்குமார் ஊருக்கு வந்தான். நிஷாவைத் தனியாக மதகுப் பக்கம் கூட்டிப்போய்ச் சொன்னான்.

“நிஷா, நான் போவல.”

“ஏன்ணா?”

“நம்ம கரையில எங்கயும் நிக்க முடியாதாம், சிலோனச் சுத்திப் போவணுமாம். அம்மாவுக்கு ஏதாவதுன்னா எனக்குச் சேதியே வராது.”

நிஷா மதகில் கசிகிற தண்ணீரையே பார்த்துக்கொண்டிருந்தாள். அவளும் முதலில், அப்பாடா நின்றான் என்றுதான் நினைத்தாள். அப்புறம்தான் அவளுக்கு உறைத்தது.

“அம்மா கேக்குமே, ஏன் போவலன்னு. இன்னா சொல்லுவ?”

“படகு ரிப்பேருன்னு.”

“அது நம்புமா? தெனமும் எங்கிட்ட இன்னா சொல்லிக்கினு கீது தெரியுமா? ‘நான் தேறிக்கினு கீறேன்டி, இல்லன்னா எம்புள்ள என்ன வுட்டுட்டுப் போக ஒத்துப்பானா’ன்னு. நீ போறதுதான்ணா அதுக்கு மருந்து. நீ நின்னுட்டேன்னா டாக்டர் சொன்னத நாமளே அது காதுல சொன்ன மாறி.”

அவன் கரைச் சரிவில் உட்கார்ந்துவிட்டான். “போனா மூஞ்சக்கூடப் பாக்க முடியாதுடி.”

“தெரியும்.”

“ஊர் காறித் துப்பும்.”

“துப்பட்டும். கழுவிக்கலாம்.”

“எனக்குப் போவணும்னு ஆசையும் கீது, நிஷா. அதான் பயமா கீது. அம்மாவுக்காகப் போறேனா, எனக்காகப் போறேனான்னு எனக்கே தெரியல.”

நிஷா புடவைத் தலைப்பால் மூக்கைத் துடைத்துக்கொண்டு, “ஸ்டாப்ப மட்டும் மாத்திச் சொல்லிடாத. அது கேக்கிறப்போ பழைய மாறியே சொல்லு” என்றாள். பொய்யில் அவளுடைய பாதி அதுதான்.

கிளம்புகிற காலையில் செல்லாயியை நிமிர்த்தி, முதுகுக்குத் தலையணை கொடுத்து உட்காரவைத்திருந்தாள் நிஷா. முகம் உப்பிக் கண் இடுங்கிப் போயிருந்தது. தகரப் பெட்டியிலிருந்து பாஸ்போர்ட்டை எடுத்து மகன் தன் சட்டைக்குள் சொருகிக்கொண்டதைச் செல்லாயி பார்க்கவில்லை. பாண்டிக்குப் போகிறவனுக்கு அது எதற்கு என்று கேட்டிருப்பாள்.

“மொதல்ல எங்க நிப்ப நைனா?”

“பாண்டிம்மா.”

“அப்பால?”

“காரைக்கால். அப்பால நாகப்பட்டணம்.”

“ராமேசுவரத்துல எறங்கினா எம்பேர்ல ஒரு முழுக்குப் போடு. வரும்போது தீர்த்தம் கொண்டா.”

“கொண்டாறேம்மா.”

அவள் கையை நீட்டினாள். அவன் பக்கத்தில் மண்டியிட்டான். வீங்கிய விரல்களால் அவன் முகத்தை வழித்து நெட்டி முறித்தாள். முறிய விரலில் வலுவில்லை, சத்தம் வரவில்லை.

“கரைய வுட்டு ரொம்பத் தள்ளிப் போவாத. ஓரமாவே போ. காத்து கீத்து ஏறிச்சின்னா பாத்துக்கினு நிக்காத, கரைக்கு வந்துடு. இன்னா?”

கடலில் அப்படிச் செய்தால் சாவுதான் என்று அவனுக்குத் தெரியும். “சரிம்மா. கரையோரமாத்தான் போவேன்” என்றான்.

பையைத் தோளில் மாட்டிக்கொண்டு, நிலைப்படி தலையில் இடிக்காமல் குனிந்து வெளியே வந்தான். நிஷா கதவைப் பிடித்துக்கொண்டு நின்றாள். தெருக்குழாயில் குடத்தை வைத்துவிட்டு நின்ற மங்கம்மா அவனைப் பார்த்துச் சிரித்தாள்.

“கெளம்பிட்டியாடா? மொத ஸ்டாப்பு எங்க?”

எதிரில் நின்றவளுக்கு அவ்வளவு சத்தமாகச் சொல்ல வேண்டியதில்லை. அவன் வீட்டுப் பக்கமாகத் தலையைத் திருப்பி, உள்ளே படுக்கையில் இருப்பவளுக்குக் கேட்கிற மாதிரி, தெருவே அதிரக் கூவினான்.

“பாண்டிக்கா! பாண்டி!”

கூவிவிட்டு, திரும்பிப் பார்க்காமல் பஸ்ஸுக்கு நடந்தான்.