நான்காவது விரல்

எஸ்டேட் ஆஸ்பத்திரியில் ஆவி பிடிக்க வருபவர்களுக்கு வெந்நீரில் பத்துச் சொட்டு நீலகிரித் தைலம் விடுவது என் வேலை. நான்காவது சொட்டில் என் எண்ணிக்கை ஒரு கணம் நின்றுவிடும்.

எனக்கு எட்டு வயதில், குன்னூர்க் குத்துச்சண்டை மேடையில் ஏறிய சித்தப்பாவின் தோளில் இதே வாசனைதான். அவர் தேயிலைத் தொழிற்சாலைக் கூலி. அதற்கு முன் மூன்று பேரை வீழ்த்தியிருந்தார். இதிலும் ஜெயித்தால் மதராஸ் போட்டிக்கு அனுப்புவார்கள். எதிரே நின்றவர் எங்கள் எஸ்டேட்டின் உதவி மேலாளரான வெள்ளைக்காரச் சின்னத்துரை.

இரண்டாம் சுற்றில் துரை விழுந்தார். நடுவர் பத்து எண்ணும்வரை அவர் எழாமலிருந்தால் போதும். நானும் விரல் மடக்கி எண்ணினேன். நான்காவது விரலில், சித்தப்பா ஓடிப்போய்க் குனிந்து துரையைத் தூக்கி நிறுத்தினார். விழுந்தவரைத் தொடுவது விதிமீறல். வெற்றி துரைக்குப் போனது.

"மூட்டை தூக்குற கையில்ல, சும்மா இருக்குமா?" என்று பக்கத்திலிருந்தவர் சிரித்தார்.

திரும்பும் வழியில் கேட்டேன். "ஏனுங்க சித்தப்பா, அவரைத் தூக்கி உட்டீங்க?"

"தொரை உழுந்துட்டாருன்னு பதறிட்டேன் கண்ணு. அடிச்சது நாந்தாங்கறதே மறந்துபோச்சு."

அதன்பின் அவர் மேடையேறவில்லை.

ஐந்தாவது சொட்டிலிருந்து பத்துவரை நான் சற்று உரக்கவே எண்ணுகிறேன்.