மார்யா பாதியில் நிறுத்திய ஒப்பாரி

மார்யா இறந்துவிட்டார். நேற்று விடியற்காலையில் ஹொஸ்பிட்டலில் இருந்து கோல் வந்தது. நான் போய்ச் சேர முன்னரே எல்லாம் முடிந்துவிட்டது.

உங்களில் அநேகம் பேருக்கு அவரைத் தெரியாது... இங்கே மொன்றியலில் ஒரு யூனிவர்சிட்டியில் ஆராய்ச்சி செய்தவர். பின்லாந்துக்காரி. குடும்பம் என்று யாரும் இல்லை.

பின்லாந்து மொழிக்கு உறவான சின்னச் சின்ன மொழிகள் சில உண்டு. அதில் ஒன்று கரேலியன். எல்லைக்கு அந்தப் பக்கம், ரஷ்யாவில், சில கிராமங்களில் பேசுகிறார்கள்.

அங்கே செத்தவீட்டில் பெண்கள் அழுது பாடும் பாட்டுகள்தான் மார்யாவின் வாழ்க்கை. அதில் பெரும்பகுதியைப் பாடிக் கொடுத்தது ஒக்கூ என்று ஒரு கிராமத்து அம்மா.

நான் மார்யா வேலை செய்த அதே கட்டடத்தில் சவுண்ட் டெக்னீஷியன். பழைய ரெக்கோர்டிங்குகளில் இரைச்சலை எடுத்துக் கொடுப்பது என் வேலை.

ஒருநாள் ரொக்ஸ்பரோவில் எங்கள் வீட்டில் வைத்து ஒக்கூவின் பாட்டு ஒன்றை ஸ்பீக்கரில் போட்டுவிட்டேன். சமைத்துக்கொண்டிருந்த என் மனைவி செல்வி கரண்டியும் கையுமாக வந்து நின்றாள்.

"இதென்னப்பா, ஆரோ ஒப்பாரி வைக்கிற மாதிரிக் கிடக்கு?"

"ஓம். அதுதான்."

"நிப்பாட்டுங்கோ. சும்மா இருக்கிற வீட்டுக்குள்ள இதைப் போடாதேங்கோ."

மறுநாள் மார்யாவிடம் பகிடியாகச் சொன்னேன். அவர் சிரிக்கவில்லை. (நாங்கள் கதைப்பது பாதி பிரெஞ்சு, பாதி இங்கிலீஷ். இங்கே எங்கள் தமிழில் எழுதுகிறேன்.)

"செல்வி சொன்னது சரி. அங்கையும் சும்மா பாட மாட்டினம். ஆரும் சாகாத வீட்டில ஒக்கூவை இருத்திவைச்சுப் பாடச் சொன்னனான்... அது பிழையோ எண்டு இப்பவும் யோசிக்கிறன்."

அந்தப் பாட்டு ஏன் என்று அவர்தான் விளக்கினார். முன்னமே இறந்துபோன சொந்தக்காரரை அது எழுப்புமாம். அவர்கள் எழும்பி வந்து புதிதாக இறந்தவரைக் கூட்டிக்கொண்டு போவார்களாம். பாட ஆள் இல்லாவிட்டால் இறந்தவர் வழியில் தனியாக நிற்பார்.

"நான் போனா நீ வந்து பாடு" என்று ஒக்கூ கேட்டிருந்தார். மார்யாவும் ஓம் என்றிருந்தார்.

பிறகு ரஷ்யா யுத்தம் தொடங்கியது. பின்லாந்துப் பக்க எல்லையை மூடிவிட்டார்கள்; மார்யாவால் அங்கே போக முடியவில்லை.

ஒரு டிசம்பர் பின்னேரம் ஒக்கூவின் மகள் அன்னி மார்யாவுக்குக் கோல் எடுத்தார். ஒக்கூ போய்விட்டார்.

மார்யா கோட்டை மாட்டிக்கொண்டு என் அறைக்கு வந்தார். முகத்தில் ஒன்றும் இல்லை.

"கார் எடுப்பீரோ? ஒக்கூவுக்குப் பாட ஆத்தங்கரைக்குப் போகவேணும். பொழுது பட்டாப் பிறகு செத்தவையை எழுப்பக் கூடாது."

அஹுன்ட்சிக் பக்கம் ஆற்றங்கரைக்கு ஓட்டினேன். வழியெல்லாம் ட்ராபிக். அவர் ஜன்னலால் மங்கிக்கொண்டு வந்த வெளிச்சத்தையே பார்த்துக்கொண்டிருந்தார்.

கரையில் முழங்கால் அளவு ஸ்னோ. மார்யா தொப்பியைக் கழற்றிவிட்டு ஆற்றைப் பார்த்து நின்று தொடங்கினார். கரகரத்த குரல். நான் ஹெட்போனில் எத்தனையோ தரம் கேட்ட அதே இழுப்பு.

சில வரிகள்தான். நிறுத்திவிட்டார்.

நான் காத்திருந்தேன்... நாயோடு நடந்து போன ஒருவர் எங்களைத் திரும்பிப் பார்த்தபடி போனார்.

"எல்லாச் சொல்லும் தெரியும்" என்றார் மார்யா. "எல்லாம் ஒக்கூவின்ர சொல்லு. அவவுக்கு அவவின்ர பாட்டையே எப்பிடிப் பாடுறது? என்ர எண்டு ஒரு சொல்லும் வருகுதில்ல."

பொழுது பட்டுவிட்டது.

"நாளைக்கு வருவம்" என்றேன்.

"நாளைக்கு விடிய அங்க அவவை மண்ணுக்குள்ள தாட்டுப்போடுவினம்."

அதற்குப் பிறகு அவர் பழைய மார்யா இல்லை. வேலைக்கு வருவார். ரெக்கோர்டிங்கைத் திறப்பார், கேட்காமலே மூடுவார். பேந்து வருத்தம் வந்து ஹொஸ்பிட்டலில் படுத்துவிட்டார்.

போன கிழமை ஹொஸ்பிட்டலில் திடீரென்று கேட்டார். "ஒக்கூ தன்ர ஆக்களிட்டப் போய்ச் சேர்ந்திருப்பாவோ?"

"கட்டாயம் சேர்ந்திருப்பா" என்றேன். ஞாயிறு தவறாமல் கோயிலுக்குப் போகிறவன்... வேறு என்ன சொல்வேன்?

"உமக்கு எப்பிடித் தெரியும்?"

அவர் கண்ணை மூடிக்கொண்டார்.

ஒக்கூவின் மகள் அன்னிக்கு மட்டும் அறிவிக்கச் சொல்லியிருந்தார். நேற்றுக் காலை ஹொஸ்பிட்டல் பார்க்கிங்கில் நின்று கோல் எடுத்தேன். அன்னிக்கு இங்கிலீஷும் தெரியாது, பிரெஞ்சும் தெரியாது. எனக்கு ரஷ்யனும் தெரியாது, கரேலியனும் தெரியாது.

"மார்யா" என்றேன். மறுபடியும் "மார்யா..." என்றேன்.

அங்கே அன்னியின் குரல் மெல்ல எழும்பியது. இழுத்து, இறங்கி, மூச்செடுத்து, மறுபடி எழும்பியது.

அழுதாரா, பாடினாரா... இத்தனை வருடம் இந்தச் சத்தத்தோடு இருந்தும் எனக்குப் பிரித்துச் சொல்லத் தெரியவில்லை. ஒரு சொல்லும் விளங்கவில்லை. அவர் முடிக்கும்வரை போனைக் காதில் வைத்தபடி நின்றேன்.

சனிக்கிழமை தகனம். அநேகமாக நானும் செல்வியும்தான் நிற்போம். வரக்கூடியவர்கள் இடமும் நேரமும் இன்பொக்ஸில் கேளுங்கள்.

கவனமாப் போங்கோ, மார்யா.