வீட்டுக்குப் பத்து நிமிஷம்

எனக்கு அப்போது மூக்குக்கு மேல் கோபம் வரும். யுத்த காலம். சேலத்தில் ஒரு தாய்சேய் நல நிலையத்தில், பிள்ளை பெற்றவர்களை வீடு வீடாகப் போய்ப் பார்த்துவரும் நான்கு பெண்களுக்கு நான் மேற்பார்வை. வாரக் கடைசியில் அவர்கள் டைரியைப் படித்துக் கையெழுத்துப் போடுவேன்.

ஒருத்தி என்னைவிட ஐந்தாறு வயது மூத்தவள். நெசவாளர் தெரு அவளுடையது. காலையில் அங்கே தறிக்கான நூலைத் தெரு நீளத்துக்கு இழுத்துக் கட்டிக் கஞ்சி தடவி, காய்வதற்குள் எல்லாரும் சேர்ந்து தேய்த்துவிடுவார்கள். பாவு போடுவது என்பார்கள். கை ஓடும்போது வாயும் சும்மா இருக்காது. இவளும் போய்ச் சேர்ந்து தேய்ப்பாளாம். ஒரு வீட்டுக்கே ஒரு காலைப்பொழுது போய்விடும்.

"உன்னைக் கஞ்சி தடவவா சம்பளம் கொடுத்து வைத்திருக்கிறது?" என்று எல்லார் எதிரிலும் கத்தினேன். "வீட்டுக்குப் பத்து நிமிஷம். கேள், எழுது, நடையைக் கட்டு!"

"பாவுகிட்ட நின்னாத்தாங்கம்மா மனசுல இருக்கறதைப் பேசறாங்க. ஊட்டுக்குள்ள மாமியா இருக்குமில்லீங்க" என்றாள்.

"வாயை மூடு" என்றேன். மூடிக்கொண்டாள்.

அப்புறம் டைரி கண்ணில் ஒற்றிக்கொள்கிற மாதிரி வந்தது. ஒரு கைப்பிள்ளையைப் பற்றி, 'பால் குடிக்கிறது. அழுவதில்லை. நல்ல உறக்கம்' என்று மூன்று வாரம் எழுதியிருந்தாள். மூன்றுக்கும் 'திருப்தி' போட்டேன்.

நாலாவது வாரம் அவளோடு நானும் போனேன். தூளியில் கிடந்த அந்தப் பிள்ளையைக் கிள்ளிப் பார்த்தேன், முனகக்கூட இல்லை. கண்ணை விரித்தால் கருமணி ஊசிமுனை அளவுக்குச் சுருங்கியிருந்தது. அபின். மருமகள் தறி வேலைக்குத் தொந்தரவில்லாமல் தூங்கட்டும் என்று மாமியார் தினமும் கடுகளவு கொடுத்து வந்திருக்கிறாள். ஆஸ்பத்திரிக்குத் தூக்கிக்கொண்டு ஓடினோம். இரண்டாம் நாள் போய்விட்டது.

தாய்க்காரிக்குப் பதினெட்டு, பத்தொன்பது வயசு இருக்கும். "அந்தக்கா பாவுக்கு வரட்டும், சொல்லலாம்னு இருந்தனுங்க. வரவே இல்லீங்க" என்றாள். என்னைத் திட்டியிருந்தால் தேவலை.

மேலே அறிக்கை போக வேண்டும். 'ஊழியரின் கவனக்குறைவு' என்று எழுதினேன். நான்தான் எழுதினேன், வேறு யாரும் இல்லை. அவளைப் புதுச்சத்திரம் பக்கம் மாற்றிவிட்டார்கள். போகும்போது என் முகத்தைப் பார்க்கவில்லை. வெட்கத்தில் எனக்குச் சோறு இறங்கவில்லை. ஆனாலும் அறிக்கையைத் திருத்தவில்லை.

அவள் இடத்துக்கு வந்தவளிடம், "காலையில் பாவு போடும்போதே போ. எத்தனை நேரம் ஆனாலும் கூட நில்" என்றேன். ஏனுங்கம்மா என்று கேட்டாள்.

"போ என்றால் போயேன்" என்று கத்தினேன்.