உரிக்கக் கூடாத தோல்

இரண்டு லட்சம். இந்த எண்ணை மனதில் போட்டுக்கொள்ளுங்கள். இந்த மடிக்கும் போனை இரண்டு லட்சம் தடவை மடித்து விரித்தாலும் ஒன்றும் ஆகாது என்று கம்பெனி ஊரெல்லாம் பலகை வைத்தது. கண்ணாடிப் பெட்டிக்குள் ஒரு இயந்திரம், தூசி இல்லாத காற்றில், ஒரே வேகத்தில், ஒரே அழுத்தத்தில் மடித்து மடித்து எண்ணிச் சொன்ன எண் அது. இயந்திரத்துக்கு நகம் கிடையாது. அதை யாரும் யோசிக்கவில்லை.

பூட்டு அந்தக் கம்பெனியின் சர்வீஸ் சென்டர் வாசலில் நின்ற காவல்காரன். குள்ளம், கட்டை உடம்பு, கழுத்து என்று தனியாக ஒன்று இல்லை. பின்னால் வந்து இரண்டு கையாலும் ஒருத்தனை வளைத்துப் பிடித்தால் அவனாக விட்டால்தான் உண்டு. அதனால் வந்த பெயர். "பூட்டு விழுந்துடுச்சு, ஓடிப் போய் சாவியக் கூட்டிட்டு வா" என்று கிண்டல் செய்வார்கள். சாவி என்றால் அவன் பெண்டாட்டி. அவள் சொல்லுக்கு மட்டும்தான் அந்தக் கை திறக்கும்.

எனக்கு அவனைத் தெரிந்தது நான் சங்கம் நடத்திய கிடங்கின் வேலைநிறுத்தத்தில். முதலாளி இறக்கிய அடியாட்களில் அவன் ஒருத்தன். என் முன்பல் இரண்டும் அவன் முழங்கையில் போனவை. சில வருஷம் கழித்து அதே கிடங்குக்கு மூட்டை தூக்க வந்தான், சங்கத்தில் சேர்ந்தான்.

"பல்லு விஷயம் மனசுல கெடந்து உறுத்துதுண்ணே" என்றான் ஒருநாள்.

"சந்தாவ ஒழுங்காக் கட்டு. பல்ல நான் பாத்துக்கறேன்" என்றேன்.

கிடங்கை மூடினார்கள். அவன் ஒரு ஏஜென்சி வழியாகக் காவல் வேலைக்குப் போனான். அடிப்பதற்கு மறுபடியும் கூலி கிடைத்தது. ஆள் மாறவில்லை, சட்டை மாறியது, அவ்வளவுதான்.

அவனுக்கு ஒரு மச்சினன். சாவியின் தம்பி. அம்மா அப்பா இல்லாமல் அக்கா வளர்த்த பிள்ளை. பையன் இல்லை, முப்பதை எட்டிக்கொண்டிருந்த ஆள். எதிலும் நிலைக்காதவன், ஒரே ஒரு விஷயத்தில் மட்டும் கை சுத்தம்: போன் கண்ணாடி ஒட்டுவது. சர்வீஸ் சென்டர் படிக்குப் பக்கத்தில் ஒரு மேசை போட்டிருந்தான். அந்த இடத்துக்குச் சண்டைக்கு வந்த இரண்டு பேரைப் பூட்டு சாக்கடையில் இறக்கிவிட்டுத்தான் வாங்கிக் கொடுத்தான். "என் தம்பிக்கு அந்தக் கைதான்யா சோறு. அதுக்கு ஒண்ணு ஆச்சுன்னா உன் மூஞ்சில முழிக்க மாட்டேன்" என்று சாவி சொல்லியிருந்தாள். இந்தக் கதை அந்தக் கையைப் பற்றியதுதான்.

சென்டரில் விற்பனையும் உண்டு. புதுப் போனோடு யார் வெளியே வந்தாலும் மச்சினன் கூப்பிடுவான். "குடுங்க சார், கம்பெனி பேப்பரை உரிச்சிட்டு நல்ல கண்ணாடியா ஒட்டித் தர்றேன்." புதுப் போன் என்றால் மேலே ஒரு மெல்லிய பேப்பர் இருக்கும், கடையிலிருந்து வீட்டுக்குப் போகிற வரைக்கும் கீறல் விழாமல் இருக்க. அதை உரிப்பதற்கென்றே வலது கட்டை விரல் நகத்தை நீளமாக வளர்த்திருந்தான். ஓரத்தில் நகத்தைக் கொடுத்து, கிளப்பி, ஒரே இழுப்பு. சர்ரென்று ஒரு சத்தம் வரும். அந்தச் சத்தத்துக்கு ஜனங்கள் மயங்குவார்கள். வாங்கினவர் முகத்தில் அப்போதுதான் போன் தன்னுடையது ஆன சந்தோஷம் தெரியும். தெருவில் உள்ள எல்லாக் கடையிலும் இதுதான் வழக்கம்.

மடிக்கும் போன் வந்தது. ஒரு பைக் விலை. அதற்கும் மேலே ஒரு பேப்பர் இருந்தது. ஓரத்தில் நகம் கொடுக்க இடம் இருந்தது. மச்சினன் உரித்தான். கொஞ்சம் இறுக்கமாக வந்தது. முடி உலர்த்தும் மெஷினால் சூடு காட்டி உரித்தான். புதுப் போன் இல்லையா, பசை கெட்டியாக இருக்கும் என்று நினைத்தான். மேலே கண்ணாடிக்குப் பதிலாக மடங்குகிற பிளாஸ்டிக் தாள் ஒட்டினான்.

அது பேப்பர் இல்லை. திரையின் தோல். மடிகிற திரைக்குக் கண்ணாடி போட முடியாது என்பதால் பிளாஸ்டிக்கில் ஒரு தோல் போட்டிருந்தார்கள். அதை உரித்தால், கோழியை உரித்த மாதிரிதான். ஒன்றிரண்டு போன் அங்கேயே கண் மூடியது; கம்பெனி சரக்கே மோசம் என்று நினைத்தார்கள். பல போன் வீட்டுக்குப் போய், இரண்டு மூன்று நாள் மின்னி, நடுவில் கறுப்புக் கோடு விழுந்து செத்தது. அதனால் உரித்தவனுக்கும் தெரியவில்லை, உரிக்கக் கொடுத்தவனுக்கும் தெரியவில்லை.

சென்டருக்கு மேல்மாடியில் இருந்த கம்பெனி அதிகாரிகளுக்கு மட்டும் தெரிந்திருந்தது. விற்பனைக்கு வருவதற்கு முன்னால் நடந்த கூட்டத்தில் கதவைப் பிடித்துக்கொண்டு நின்றவன் பூட்டு. கீல் செய்த இன்ஜினியர், ஒல்லி ஆள், எழுந்து நின்று சொல்லியிருக்கிறார்: "ஓரம் வெளிய தெரியுது சார். அதை ஃப்ரேமுக்குள்ள இழுத்து மூடணும். ஜனங்க கிளப்புவாங்க."

விற்பனை அதிகாரி சிரித்தார். "காசு குடுத்து வாங்கினதை எவன் சார் உரிப்பான்? பைத்தியமா?"

"மூணு மாசம் குடுங்க."

"மூணு மாசத்துல எதிராளி தன் போனை விட்டுடுவான். புதுசுன்னா முதல்ல அப்படி இப்படித்தான் இருக்கும். முதல்ல வாங்கறவன் கொஞ்சம் அடி வாங்கத்தான் வேணும். அதுக்குப் பேருதான் சார் முன்னேற்றம்."

பூட்டுக்கு இதில் பாதி புரியவில்லை. அடி என்ற சொல் புரிந்தது.

அடி வந்தது. விற்பனை ஆரம்பித்த இரண்டாவது வாரம் கறிக்கடைக்காரர் ஒருவர் நாற்காலியைத் தூக்கிக் கவுன்டர் கண்ணாடியில் அடித்தார். ஒரு டியூஷன் வாத்தியார் மேனேஜரின் டையைப் பிடித்து முகத்தை மேசையில் இடித்தார். கவுன்டரில் உட்கார்ந்திருந்த பெண் சொல்ல வேண்டிய வாசகம் ஒன்றே ஒன்று: "இது உபயோகிச்சவங்க தப்புங்க, வாரண்டி வராது." அவள் வாய்க்காரி. டீ நேரத்தில் சொல்லுவாள்: "எதுக்குண்ணே போனை மடிக்கணும்? போர்வையா இது? மடிச்சி தலைக்கு வெச்சுப் படுக்கவா?" வாரண்டி வாசகத்தை ஒருநாள் நாலாவது ஆளிடம் சொல்லும்போது அவன் கையிலிருந்த செத்த போனையே அவள் முகத்தில் எறிந்தான். கீல் முனை புருவத்தைப் பிளந்தது. ரத்தம் கண்ணுக்குள் இறங்க, அவள் தடவித் தடவி டிஷ்யூவைத் தேடினாள்.

பூட்டு அவனைப் பிடித்துப் படியில் உருட்டினான். உருண்டவன் எழுந்தான், மறுபடி உருட்டினான். அன்றிலிருந்து மேனேஜருக்கு ஒரு வழி கிடைத்துவிட்டது. சத்தம் உயர்ந்தால் ஒரு விரல் காட்டுவார். பூட்டு விழும். வாசல் படியில் பல், பொத்தான், ஒற்றைச் செருப்பு எல்லாம் கிடக்கும். கூட்டுகிற அம்மா, "தினம் தினம் எவன் பல்லையோ நான் அள்ளணுமா?" என்று திட்டிக்கொண்டே முறத்தில் அள்ளுவார்.

"அவங்க என்னடா தப்பு பண்ணாங்க? போன்தானே செத்துச்சு?" என்று நான் கேட்டேன்.

"எனக்கென்னண்ணே தெரியும். கத்தினா தூக்கு, அதான் சொல்லிருக்காங்க."

பிறகு ஒரு இளைஞன் வந்தான். மண் லாரிக்காரரின் தம்பி. அண்ணனுக்காக வாங்கிய போன். அண்ணன் ஒரு கூட்டத்துக்கு நடுவில் பெருமையாக விரித்துக் காட்டும்போது கறுத்துப்போய், எல்லோரும் சிரித்திருக்கிறார்கள். தம்பி கவுன்டரில் கத்தினான். பூட்டு விழுந்தது. அவன் திமிறினான். பூட்டு இறுக்கித் தூக்கிப் படியில் போட்டான். தோள்பட்டை எலும்பு, சுள்ளி முறிகிற மாதிரி, முறிந்த சத்தம் டீக்கடை வரைக்கும் கேட்டதாம்.

மூன்றாம் நாள் உச்சி வெயிலில் மண் லாரிக்காரர் நாலு பேரோடு வந்தார். ஒருத்தன் கையில் ஜாக்கி ராடு. அவர்கள் உள்ளே போகவில்லை. நேரே மச்சினன் மேசைக்கு வந்தார்கள். தம்பிக்கு வலியில் படுத்திருந்தபோது யோசிக்க நேரம் கிடைத்திருக்கிறது.

"உரிச்சது நீதானே?"

"எ... எதண்ணே?"

லாரிக்காரர் செத்த போனை விரித்து மேசையில் வைத்தார். "இதுல ஒரு பேப்பர் இருந்துச்சாம். சூடு காட்டி உரிச்சியாம். அது பேப்பர் இல்லடா. வேற ஊருக்குக் கொண்டு போய்க் காட்டினேன். திரையவே உரிச்சிருக்கன்னு சொல்றான்."

மச்சினன் முகம் வெளுத்துப் போனது. அந்த ஒரு போன் இல்லை, எல்லாமே அவன் தலைக்குள் ஓடியிருக்கும். "தெரியாதுண்ணே, சத்தியமா தெரியாது. எல்லாப் போனுக்கும் உரிக்கிறதுதானே..."

முதல் அறையில் அவன் கீழே போனான். இரண்டு பேர் தூக்கி, வலது கையை மேசையில் விரித்து அமுக்கினார்கள். ஒட்டுவதற்கு வைத்திருந்த கண்ணாடிகள் கைக்கடியில் நொறுங்கின. ராடு வைத்திருந்தவன் அளவு பார்க்கிற மாதிரி மணிக்கட்டில் மெதுவாகத் தட்டினான்.

பூட்டு அப்போதுதான் வெளியே வந்தான். பார்த்தான். ஒரே பாய்ச்சலில் லாரிக்காரரின் கழுத்தைப் பின்னாலிருந்து வளைத்துவிட்டான். அவருக்குக் கண் பிதுங்கியது.

"ராடக் கீழ போடு. உங்க ஆளு கழுத்து போயிடும்."

"நீ விடு. இல்லன்னா இவன் கை கூழ்."

கண்ணாடிக் கதவுக்குப் பின்னால் சென்டர் மொத்தமும் நின்றது. அன்று திரும்பி வந்த போன்களைப் பார்க்க இன்ஜினியரும் கீழே வந்திருந்தார். அவர் கதவைத் தள்ளித் தலையை நீட்டினார். "அண்ணே, ஒரு நிமிஷம்! அந்தப் பையன் தப்பு இல்ல. ஓரத்தை மூடாம விட்டது எங்க..."

மேனேஜர் அவர் சட்டையைப் பிடித்து உள்ளே இழுத்தார். அடுத்து ஷட்டர் இறங்கியது. தடதடவென்று தரை வரைக்கும். உள்ளே போன்கள், அதிகாரிகள். வெளியே காவல்காரன்.

பூட்டு அந்தச் சத்தத்தைக் கேட்டான். திரும்பிப் பார்க்கவில்லை. "கதவச் சாத்திட்டாங்களா?" என்று மட்டும் கேட்டான்.

லாரிக்காரர் மூச்சுக்குத் தவித்துக்கொண்டே சொன்னார்: "என் தம்பிக்கு எலும்பு போச்சு. உன் தம்பிக்கும் போவணும். நான் செத்தாலும் இவனுங்க செய்வானுங்க."

ராடு உயர்ந்தது. பூட்டு கையைத் திறந்தான். சாவி சொல்லாமல் அது திறந்தது அன்றைக்குத்தான். லாரிக்காரர் இருமிக்கொண்டே விலகினார்.

"ராடு வேணாம். பொடியாயிடும், எதுவும் மிஞ்சாது. உரிச்சது ஒரு விரலு. அந்த ஒண்ணு மட்டும். நான் பண்றேன்."

"நீயா?" லாரிக்காரர் அவனை மேலும் கீழும் பார்த்தார். "உன் பொண்டாட்டி தம்பிய?"

"எனக்கு எங்க முறிக்கணும்னு தெரியும். முறிஞ்சாலும் சேர்ற இடம்."

எத்தனை பேரை முறித்தவன். அதில் அவனுக்கு ஒரு திமிர் இருந்தது. முறித்த எவன் எலும்பாவது சேர்ந்ததா என்று போய்ப் பார்த்தவன் இல்லை.

"மாமா... வேணாம் மாமா. மாமா, அக்காவக் கூப்பிடு மாமா..."

"கண்ண மூடிக்க. அந்தப் பக்கம் பாரு."

"மாமா!"

கட்டை விரலைப் பிடித்தான். பின்பக்கமாக ஒரே மடக்கு. மச்சினன் போட்ட கத்தலில் தெருவில் போன பஸ் நின்றது. நகம் பிய்ந்து தொங்கியது. விரல் மணிக்கட்டைப் பார்த்துத் திரும்பிக் கிடந்தது. லாரிக்காரர் குனிந்து பார்த்தார். ஓரமாகப் போய்த் துப்பினார். "போதும், வாங்கடா" என்று ஆட்களைக் கூட்டிக்கொண்டு போய்விட்டார். செத்த போன் மேசையிலேயே கிடந்தது.

அவர்கள் போன பிறகுதான் ஷட்டர் ஏறியது. மேனேஜர் எட்டிப் பார்த்து, "நீ எங்க ஆளே இல்லப்பா, ஏஜென்சி ஆளு. இங்க நடந்ததுக்கும் எங்களுக்கும் சம்பந்தமில்ல" என்றார். கவுன்டர்ப் பெண் மட்டும் புருவத் தையலோடு ஓடி வந்து தன் துப்பட்டாவை அவிழ்த்து மச்சினன் கையைச் சுற்றினாள். "யோவ் பூட்டு, மரம் மாதிரி நிக்காத. ஆட்டோவக் கூப்பிடு!"

ஆஸ்பத்திரி வராந்தாவில் சாவி வந்தாள். அடிக்கவில்லை, அழவில்லை.

"அவனுங்கள அடிச்சிருக்கலாம்யா. அடிபட்டுச் செத்திருக்கலாம். நானே மாலை போட்டிருப்பேன். என் தம்பி கைய நீ எதுக்குத் தொட்ட?"

"முழுக் கையும் போயிருக்கும் புள்ள..."

"போகட்டும். அவனுங்க எடுத்ததா இருக்கும்."

சங்கத்திலிருந்து நாங்கள் ஏஜென்சி வாசலிலும் கம்பெனி வாசலிலும் கொடி பிடித்தோம். போலீஸ் வந்து எங்கள் தலையை உடைத்ததுதான் மிச்சம். அடுத்த வருஷம் கம்பெனி புது மடிக்கும் போன் விட்டது. தோலின் ஓரத்தை ஃப்ரேமுக்குள் இழுத்து மூடியிருந்தார்கள். மேடையில் அதைச் சொன்னபோது கைதட்டினார்கள். நல்ல மாற்றம்தான், நான் இல்லை என்று சொல்லவில்லை. அதை முன்னாலேயே செய்யச் சொன்ன இன்ஜினியர் மேடையில் இல்லை, அவ்வளவுதான்.

பூட்டு இப்போது மறுபடி மூட்டை தூக்குகிறான். சாவி அவனுக்குச் சோறு போடுகிறாள், பேசுவதில்லை. மச்சினன் இடது கையால் கண்ணாடி ஒட்டிப் பழகினான்; காற்றுக் குமிழ் விழுகிறது, ஆட்கள் திட்டிவிட்டுப் போகிறார்கள். வலது கட்டை விரலுக்கு இரண்டு தடவை ஆபரேஷன் ஆனது. மூட்டே சிதைந்திருக்கிறது, சேருகிற இடம் என்று அங்கே ஒன்றும் இல்லை என்றார் எலும்பு டாக்டர். கடைசியாகப் போனபோது கோணம் அளக்கிற ஒரு அளவுகோலை விரலில் வைத்து, மடக்கச் சொன்னார். மச்சினன் பல்லைக் கடித்துக்கொண்டு மடக்கினான். நல்ல விரல் எண்பது டிகிரி மடங்குமாம். இது எத்தனை டிகிரி என்று நான் கேட்டேன்.

பதினைந்து.