மேடைக்குப் போன முக்காலி

துணிக்கடையில் வேலை பார்ப்பவர்களுக்குக் கால்கள் உண்டு. உட்காருவதற்கென்று உடம்பில் இன்னொரு பாகமும் இருக்கிறது என்பதைக் கடை முதலாளிகள் இன்னும் ஒப்புக்கொள்ளவில்லை. பெரிய துணிக்கடை ஒன்றின் மூன்றாவது மாடியில், திரைச்சீலைப் பிரிவில், மீசை முளைத்த காலத்திலிருந்து நின்றுகொண்டே இருப்பவர் நம் சின்னவர். வாடிக்கையாளர்களுக்கு அங்கே மெத்தை வைத்த நாற்காலிகள் உண்டு. அவற்றில் சாய்ந்துகொண்டு, "அந்த நீலத்தை எடுங்க, அது இல்ல, அதுக்கு மேல இருக்கிற நீலம்" என்று கையை நீட்டுவார்கள். சின்னவர் எடுப்பார், விரிப்பார், உதறுவார், வெளிச்சத்தில் தூக்கிப் பிடிப்பார். "வீட்ல கேட்டுட்டு வர்றோம்" என்று அவர்கள் எழுந்து போனதும் மடிப்பார். அவர் ஆயுளில் பாதி விரித்ததில் போயிற்று, மீதி மடித்ததில்.

அறுபதை எட்டிப் பிடிக்கும் வயதிலும் அவர் சின்னவராகவே இருந்ததற்குக் காரணம், வீட்டில் ஒரு பெரியவர் இருந்தது. பெரியவர் அவருடைய அண்ணன், நாட்டுப்புறப் பாடகர். சுவரொட்டிகளில் அவருக்கு 'மண்ணின் குரல்' என்று பெயர். வீட்டில் அந்தக் குரல் பெரும்பாலும் "டீ என்னாச்சு?" என்பதையே பாடிக்கொண்டிருந்தது. அண்ணன், அண்ணி, சின்னவர் மூவரும் ஒரே வீட்டில் இருந்தார்கள். சின்னவர் கல்யாணம் செய்துகொள்ளவில்லை. பெண் பார்க்கப் போனால் ஆற அமர உட்கார்ந்து பேச வேண்டும், அந்தப் பழக்கம் அவருக்கு விட்டுப்போயிருந்தது.

போன வருஷம் பெரியவர் காலமானார். அதற்குப் பிறகுதான் அவருக்குக் கச்சேரி வாய்ப்புகள் குவிந்தன. உயிரோடு இருந்தவரை ஃபோன் அடித்தால் கேஸ் சிலிண்டர்காரனாக இருக்கும். இறந்த பின்னர் அஞ்சலிக் குழு, நினைவேந்தல் குழு, அந்தக் குழுவோடு சண்டை போட்டுப் பிரிந்த உண்மையான நினைவேந்தல் குழு என்று வரிசை கட்டி நின்றார்கள். ஒவ்வொரு விழாவிலும் முன்வரிசையில் ஒரு குடும்ப உறுப்பினர் இருந்தாக வேண்டும். அண்ணி முதல் விழாவுக்குப் போய்விட்டுத் தலைவலியோடு வந்தாள்.

"இனிமே நீங்களே போங்க தம்பி. நான் அழறேனா, நிறுத்திட்டேனான்னு ஆள் மாத்தி ஆள் எட்டிப் பாக்கிறாங்க. இருமக்கூட முடியல."

அதிலிருந்து குடும்பத்தின் சார்பில் துக்கப்படும் பொறுப்பு சின்னவர் தலையில் விழுந்தது. அவரும் தட்டவில்லை. கடையில் நின்றது போக மிச்சமிருந்த மாலைகளில் அண்ணனுக்காக நின்றார்.

இந்த இடத்தில் முக்காலியைப் பற்றிச் சொல்லியாக வேண்டும். அது அண்ணியுடையது. முழங்கால் வலி வந்த புதிதில், அடுப்பின் முன் உட்கார்ந்து வேலை செய்வதற்கென்று தச்சரிடம் உயரம் சொல்லிச் செய்துகொண்டது. மூன்று கால், வட்டப் பலகை, உட்கார்ந்தால் கிரீச்சென்று ஒரு சத்தம். பெரியவர் ஒரு நாள் அதில் உட்கார்ந்து பார்த்தார். பிறகு அவருக்கு வேறு ஆசனம் ஒத்து வரவில்லை. "நாற்காலியில உட்கார்ந்தா சாய்வு வருது, சாய்ஞ்சா பாட்டு வர மாட்டேங்குது" என்று கச்சேரிக்குக் கச்சேரி அதைத் தூக்கிக்கொண்டு போனார். அந்த நாட்களில் அண்ணி நின்றுகொண்டே சமைத்தாள், திட்டிக்கொண்டே நின்றாள்.

அவர் குழுவில் 'ஆரம்பிக்கலாம்' என்று யாரும் சொன்னதில்லை. அவர் மேடையேறி முக்காலியில் உட்காருவார். அது கிரீச்சிடும். கிரீச்சிட்ட மறு நொடி பின்னாலிருக்கும் மேளக்காரர் அடியைத் தொடங்கிவிடுவார், பின்பாட்டு பாடும் அக்காவும் தங்கையும் நிமிர்ந்து உட்காருவார்கள். எடுத்த எடுப்பில் எப்போதும் ஆட்டைத் தொலைத்தவன் பாட்டுதான். பெரியவர் 'என் ஆட்டைப் பாத்தீங்களா' என்று கேள்வி கேட்பார், பின்பாட்டுக்காரர்கள் பதில் சொல்வார்கள். கூட்டம் விழுந்து விழுந்து சிரிக்கும்.

பெரியவர் போனதும் அஞ்சலிக் குழுவின் செயலாளர் வீட்டுக்கு வந்தார். மேடையில் வைக்க 'அன்னார் பயன்படுத்திய பொருள்' ஒன்று வேண்டும் என்றார். அண்ணி சட்டையைக் கொடுத்தாள். சட்டையில் உணர்ச்சி போதவில்லை. மூக்குக்கண்ணாடியைக் கொடுத்தாள். பின்வரிசைக்குத் தெரியாது என்றார். அப்போது அவள் எதன் மேல் உட்கார்ந்திருந்தாள் என்பதைச் செயலாளர் கவனித்துவிட்டார். ஒரு சாயங்காலத்துக்கு என்று வாங்கிப்போன முக்காலி, குழு விட்டுக் குழு பாய்ந்து, மேடை மேடையாகப் பூவைச் சுமந்துகொண்டிருந்ததே தவிர வீடு திரும்பவில்லை. சின்னவர் ஒவ்வொரு விழாவிலும் கேட்பார். "அடுத்த வாரம் கண்டிப்பா, ஐயா." அண்ணி மாதக் கணக்கில் நின்றுகொண்டு சமைத்தாள். இப்போது திட்டுவதற்கும் ஆளில்லை.

அஞ்சலிக் குழு மறுபடி ஒரு விழா வைத்திருந்த அன்றைக்குக் காலையில் சின்னவர் செருப்பு மாட்டும்போது அண்ணி அடுப்படிக் கதவைப் பிடித்துக்கொண்டு வந்து நின்றாள்.

"தம்பி, பாட்டையெல்லாம் அவங்களே வச்சுக்கட்டும். பேரையும் வச்சுக்கட்டும். முக்காலிய மட்டும் வாங்கிட்டு வந்துருங்க. முட்டி விட்டுப் போச்சு."

"இன்னைக்கு வாங்கிடுறேன் அண்ணி."

"போன தடவையும் இதையேதான் சொன்னீங்க. கைய வீசிக்கிட்டு வந்தீங்க."

கடையில் மாடிப் பொறுப்பாளரிடம் சீக்கிரம் போக அனுமதி கேட்டார். அவர் கைக்கடிகாரத்தைப் பார்த்து, சின்னவரைப் பார்த்து, பெருமூச்சு விட்டார்.

"ஏங்க, உங்க அண்ணன் ஒரு தடவைதானே இறந்தாரு?"

"அவர் ஒரு தடவைதான் சார். இவங்கதான் விடமாட்டேங்கிறாங்க."

அரங்கத்துக்கு வந்து சேரும்போது சின்னவரின் கால்கள் அவருடையவையாக இல்லை. குதிகாலில் யாரோ ஆணி அடித்துக்கொண்டிருந்தார்கள். மேடையில் நடுநாயகமாக முக்காலி இருந்தது, சிவப்பு வெல்வெட் விரிப்பின் மேல், பலகை நிறைய ரோஜா இதழ்களோடு. முன்னால் 'தொட வேண்டாம்' என்று ஓர் அட்டை. வெல்வெட்டை அவருக்கு அடையாளம் தெரிந்தது. முந்தாநாள் அவர் கையாலேயே வெட்டிக் கொடுத்த துணி. கறை பட்டால் போகாது என்று அப்போதே சொல்லியிருந்தார்.

செயலாளர் ஓடி வந்து கையைப் பிடித்தார்.

"ஐயா, சரியான நேரத்துக்கு வந்தீங்க. ஒரு நல்ல சேதி."

"முக்காலிய இன்னைக்கு எடுத்துட்டுப் போகலாமா?"

"அதைத்தான் சொல்ல வர்றேன். இனிமே அது அங்கேயும் இங்கேயும் அலைய வேண்டியதில்ல. அண்ணன் பேர்ல திறக்கப்போற நினைவகத்துல கண்ணாடிப் பெட்டி செஞ்சாச்சு. விழா முடிஞ்சதும் நேரா வேன்ல ஏத்திப் பூட்டிடறோம். உலகம் உள்ள வரைக்கும் இருக்கும்!"

"எங்க அண்ணி உட்காரணும்ங்க."

"ஆகா!" செயலாளர் கண் கலங்கினார். "இந்த மாதிரி உருக்கமா மேடையில ரெண்டு வார்த்தை பேசிடுங்க."

விழா தொடங்கியது. சினிமாப் பாடகர் ஒருவர் வந்து பெரியவரின் பாடல்களைப் பாடுவதாக ஏற்பாடு. அவர் போக்குவரத்து நெரிசலில் மாட்டிக்கொண்டிருந்தார். அவர் வரும்வரை கூட்டத்தை நாற்காலியோடு கட்டிப்போடும் பணியைக் குழுத் தலைவர் தன் தோளில் ஏற்றுக்கொண்டார். தலைவர் கட்டட ஒப்பந்தக்காரர். பெரியவரின் கச்சேரியைக் கேட்டதில்லை. கேட்டிருந்தால் கேட்டதைப் பற்றி மட்டும்தான் பேச முடியும்; கேட்காததால் எதைப் பற்றி வேண்டுமானாலும் பேசினார். பெரியவரின் பழைய மேளக்காரரும் அந்த அக்கா தங்கையும் சினிமாப் பாடகருக்குப் பின்பலமாக மேடையின் கோடியில் ஜமக்காளத்தில் உட்கார வைக்கப்பட்டிருந்தார்கள். மேளக்காரர் மேளத்தின் மேலேயே தாடையை வைத்துத் தூங்கிப்போயிருந்தார். தங்கை அக்காவின் தோளில் சாய்ந்திருந்தாள்.

"இப்போது அன்னாரின் அருமைத் தம்பியை மேடைக்கு அழைக்கிறேன்!"

சின்னவர் ஏறினார். தலைவர் அவர் தோளில் கையைப் போட்டுக்கொண்டார். பேசச் சொல்வார் என்று பார்த்தால், அவரைக் காட்டி இவரே பேசினார். "இதோ, இந்தக் கண்களைப் பாருங்கள். இந்தக் கண்களில் அண்ணன் தெரிகிறார்." சின்னவரின் கண்களில் அப்போது தெரிந்தது தூக்கம். மேடை நாற்காலிகளில் பிரமுகர்களும், பிரமுகர்களோடு வந்தவர்களும், அவர்களுடைய கைப்பைகளும் அமர்ந்திருந்தன. பேச்சு நீண்டது. காலையில் நீலத்திரையோடு தொடங்கிய வலி முழங்காலைத் தாண்டி இடுப்புக்கு ஏறி, அங்கிருந்து மண்டைக்குப் போயிற்று. கண் இருட்டிக்கொண்டு வந்தது. எதையாவது பிடித்துக்கொள்ளலாம் என்று திரும்பினார். மேடை முழுவதிலும் காலியாக இருந்தது ஒன்றே ஒன்றுதான்.

அவர் யோசிக்கவில்லை. யோசிக்கிற பகுதிக்கும் கால் வலித்தது. ரோஜா இதழ்களின் மேலேயே, பொத்தென்று, உட்கார்ந்துவிட்டார்.

முக்காலி கிரீச்சிட்டது.

அரங்கம் மூச்சை உள்ளே இழுத்தது. தலைவர் வாயைத் திறந்தபடி நின்றார். செயலாளர் 'தொட வேண்டாம்' அட்டையைக் கையில் எடுத்துச் சின்னவரிடம் காட்டினார். ஆனால் மேடையின் கோடியில் வேறு விவகாரம் நடந்துகொண்டிருந்தது. மேளக்காரர் கண்ணைத் திறக்கவில்லை, தலை மட்டும் நிமிர்ந்தது. கை தானாக மேளத்தில் விழுந்தது. காலமெல்லாம் அந்தச் சத்தத்துக்குத் தொடங்கிப் பழகிய கை; உட்கார்ந்தது யார் என்று விசாரிக்கும் வழக்கம் அதற்கு இல்லை. அடி எழுந்ததும் அக்காவும் தங்கையும் விறைத்து உட்கார்ந்தார்கள்.

மேளம் ஒரு சுற்று வந்து, கேள்விக்காக இடம் விட்டது. எல்லாரும் சின்னவரைப் பார்த்தார்கள். அவருக்குப் பாட்டு தெரியும். பக்கத்து அறையில் தூங்க முயன்றவருக்குத் தெரியாமல் போகுமா? குரல்தான் இல்லை. வாயைத் திறந்தார், மூடினார். கேள்வியின் இடம் வெறுமனே கடந்து போயிற்று. அது முடிந்த இடத்தில், பழக்க தோஷத்தில், அக்காவும் தங்கையும் பதிலைச் சொன்னார்கள்.

"நாங்க பாக்கல, நாங்க பாக்கல…"

மேளம் அடுத்த கேள்விக்கு இடம் விட்டது. யாரும் கேட்கவில்லை.

"மேட்டுலயும் இல்ல, பள்ளத்துலயும் இல்ல…"

மறுபடி வெறும் மேளம். மேளக்காரர் இப்போது விழித்திருந்தார். முக்காலியில் இருப்பது யார் என்று பார்த்தும் விட்டார். கையை நிறுத்தவில்லை, அடியை மட்டும் தணித்துக்கொண்டார்.

"வீட்டுக்கும் வரல, இன்னும் வரல…"

யாரும் சிரிக்காத ஆட்டுப் பாட்டைச் சின்னவர் முதல் முறையாகக் கேட்டார். மூன்றாம் வரிசையில் ஓர் அம்மாள் மூக்கைச் சிந்தினாள். கைப்பைகளோடு வந்த பிரமுகர்கள் பைகளை இறுக்கிப் பிடித்துக்கொண்டார்கள். சின்னவருக்கு அழுகை வரவில்லை. நாள் முழுக்க நின்ற கால்களிலிருந்து வலி மெதுவாக இறங்கிப் போவது தெரிந்தது, அந்தச் சுகம் அண்ணனுக்கும் இருந்திருக்கும் போல என்று தோன்றியது. சாய்வில்லாத பலகை. ஒவ்வொரு கேள்வி வர வேண்டிய இடத்திலும் தலையை மட்டும் ஆட்டினார். பாட்டு முடிந்தது.

கைதட்டுவதா எழுந்து நிற்பதா என்று கூட்டத்துக்கு விளங்கவில்லை. கடைசியில் எழுந்து நின்றது. நிற்பவர்களைக் கண்டால் வேலை ஞாபகம் வரும் சின்னவரும் எழுந்தார். வெல்வெட்டை உருவினார், இதழ்களை உதறினார், முனைக்கு முனை சேர்த்து நான்காக மடித்து, மேலே ஒரு தடவு தடவி, தலைவர் கையில் கொடுத்தார். முக்காலியை இடுக்கிக்கொண்டு படியிறங்கினார். இதுவும் நிகழ்ச்சியில் ஒரு பகுதி என்று நினைத்து எல்லாரும் வழி விட்டார்கள்.

வாசலில் செயலாளர் மூச்சிரைக்கப் பிடித்துக்கொண்டார்.

"ஐயா, என்ன இது? பெட்டி செஞ்சாச்சு! கண்ணாடியெல்லாம் மாட்டியாச்சு!"

"அடுப்படிக்கு வேணும்ங்க."

"எதுக்கு?"

"அடுப்படிக்கு."

"அப்ப பெட்டிக்குள்ள நாங்க எதை வைக்கிறது?"

சின்னவர் நியாயமாக யோசித்துப் பார்த்தார். "நீங்க உள்ள நின்னு பாருங்களேன், ஒரு நாள். நல்லாத்தான் இருக்கும்" என்றார். கிண்டலாகச் சொல்லவில்லை, காற்றுப் படாத, கால் வலிக்க வலிக்க யாரும் எதையும் விரிக்கச் சொல்லாத ஓர் இடம் அவர் மனக்கண்ணில் வந்து போயிற்று. சினிமாப் பாடகரின் கார் வந்து நின்றது. செயலாளர் அந்தப் பக்கம் ஓட வேண்டியதாகிவிட்டது.

பஸ்ஸில் இடமில்லை. பக்கத்தில் நின்ற பெண் முக்காலியையும் அவரையும் மாறி மாறிப் பார்த்தாள்.

"கையில ஸ்டூலை வச்சுக்கிட்டு நிக்கிறீங்களே. போட்டு உட்காருங்களேன்."

"எங்க அண்ணியோடதும்மா" என்றார் சின்னவர், நின்றபடியே.

வீட்டில் அண்ணி ஒரு கையால் சுவரைப் பிடித்துக்கொண்டு மறு கையால் குழம்பைக் கிளறிக்கொண்டிருந்தாள். சின்னவர் முக்காலியை அடுப்பின் முன்னால் அதன் பழைய இடத்தில் வைத்தார். அவள் அதைப் பார்த்தாள். குழம்பைக் கிளறி முடித்துவிட்டு, முந்தானையால் பலகையை இரண்டு தரம் துடைத்தாள்.

"முதல்ல நீங்க உட்காருங்க தம்பி. முகமே சரியில்ல."

"நான் அங்கேயே உட்கார்ந்துட்டேன் அண்ணி. நீங்க உட்காருங்க."

அவள் உட்கார்ந்தாள். முக்காலி கிரீச்சிட்டது. குழம்பு மட்டும் கொதித்தது. சின்னவர் சுவரில் சாய்ந்து தரையில் வழுக்கி இறங்கிக் கால்களை நீட்டினார்.

"யாரு பாடினா இன்னைக்கு?"

"அவர் பாட வேண்டிய இடத்துல யாரும் பாடல அண்ணி."

அண்ணி கரண்டியைக் கையில் வைத்துக்கொண்டு அதை யோசித்தாள்.

"அப்ப நல்லாத்தான் இருந்திருக்கும்" என்றாள். கொஞ்ச நேரம் முகத்தை அடுப்புப் பக்கமே வைத்திருந்தாள். பிறகு, "எழுந்திரிச்சுக் கை கழுவிட்டு வாங்க" என்றாள்.

சின்னவர் சுவரைப் பிடித்து எழுந்து திரும்பினார்.

"என்ன தம்பி, பின்னாடி பூராவும் ரோஜாப்பூ ஒட்டியிருக்கு?"

சின்னவர் கையைப் பின்னால் கொண்டுபோய்த் தடவிப் பார்த்தார். தட்டிவிடவும் தெம்பில்லை.

"குழு செஞ்ச மரியாதை அண்ணி" என்று சொல்லிவிட்டு, கை கழுவப் போனார்.