டிக்கெட் இருநூறு, தலை அறுபது

சினிமா விநியோகக் கம்பெனியின் பிரதிநிதிக்குப் படம் பார்க்கத் தெரிய வேண்டியதில்லை. திரைக்கு முதுகைக் காட்டி நின்று தலைகளை எண்ணத் தெரிந்தால் போதும். எழுபதுகளின் கடைசியில் தொடங்கி ஒன்பது வருஷம் மதுரையைச் சுற்றி அந்த வேலை பார்த்தேன். அடுத்தவர் பணத்துக்குக் காவல் இருந்து சம்பளம் வாங்கியவர்கள் உங்களில் இருந்தால் கொஞ்சம் நெருங்கி உட்காருங்கள். நம் வயிற்றெரிச்சல் ஒன்றுதான்.

சொந்தக்காரர்கள்

மேலூர்ப் பக்கம் ஒரு டூரிங் டாக்கீஸ். தரை டிக்கெட் விற்றது தொண்ணூற்றாறு என்றார்கள். இடைவேளையில் விளக்குப் போட்டதும் எண்ணிப் பார்த்தேன். மணலில் நூற்று நாற்பது பேருக்குக் குறையாமல் உட்கார்ந்து முறுக்குத் தின்றுகொண்டிருந்தார்கள். வாசலில் வாங்கும் டிக்கெட்டைக் கிழிக்காமல் கவுண்டருக்கே திருப்பி அனுப்பி மறுபடி விற்பது அந்தக் காலத்துப் பழைய வித்தை. அப்படி விற்ற காசு எங்கள் கம்பெனிக்கும் வராது, வரிக்கும் போகாது.

மானேஜரைப் பிடித்தேன். மனுஷர் கொஞ்சமும் பதறவில்லை. எனக்கு ஒரு சோடா உடைத்துக் கொடுத்துவிட்டு, சின்னப் பிள்ளைக்குப் புத்தி சொல்வதுபோலச் சொன்னார்: "அண்ணே, உள்ள இருக்கிறதுல பாதிப் பேரு எங்க சொந்தக்காரங்க. சொந்தக்காரங்ககிட்ட போயி டிக்கெட்டு கேட்டா நாளைக்கு நல்லது கெட்டதுக்கு வருவாங்களா?"

ஒரே தடவை

சோழவந்தானில் வெற்றிலைக் கொடிக்கால் வைத்திருந்த பரமசிவம் அண்ணன் ஒரு படம் எடுத்தார். அதன் பெயரைச் சொல்லிப் பிரயோஜனமில்லை. உங்களில் யாரும் பார்த்திருக்க மாட்டீர்கள். ஒரே வீடு, அதில் ஐந்து பேர். சண்டை கிடையாது, பாட்டு இரண்டுதான். வீடு அவருடைய சொந்த வீடு. நடித்தவர்களுக்குச் சமைத்துப் போட்டது அவர் மனைவி. கதாநாயகி கட்டிய சேலையும் அந்த அம்மாவுடையதுதான்.

எதையெல்லாமோ சிக்கனம் செய்தவருக்கு ஃபிலிம் சுருளை மட்டும் சிக்கனம் செய்ய வழியில்லை. அதைக் காசு கொடுத்துத்தான் வாங்க வேண்டும். அதற்காகவே கொடிக்காலில் ஒரு பகுதியை ஒரு வட்டிக்கடைக்காரரிடம் அடமானம் வைத்திருந்தார். கேமரா ஓடும் சத்தம் கேட்டாலே எத்தனை அடி போனது என்று விரல் விட்டு எண்ணுவாராம். கதாநாயகி அழ வேண்டிய காட்சியில் டைரக்டர் இரண்டாவது டேக் கேட்டபோது, இவர் குறுக்கே போய் அந்தப் பெண்ணைக் கையெடுத்துக் கும்பிட்டாராம்: "தாயி, அழுகுறதை ஒரே தடவையில அழுதுரும்மா. இன்னொருக்க அழுதா என் கொடிக்கால்ல ஒரு பாத்தி போயிரும்."

கூடிப்போன டிக்கெட்

எங்கள் கம்பெனி அந்தப் படத்தைக் கமிஷனுக்கு எடுத்து மதுரையில் ஒரு தியேட்டரில் போட்டது. சின்னப் படத்தின் வரவு செலவு எளிதானது. விற்கும் டிக்கெட்டில் முதலில் கேளிக்கை வரி போகும். மீதியில் தியேட்டர் தன் பங்கை எடுத்துக்கொள்ளும். அப்புறம் போஸ்டர் செலவு, எங்கள் கமிஷன். அதற்கும் பிறகு ஏதாவது மிஞ்சினால்தான் படம் எடுத்தவருக்கு. வாரத்துக்கு இவ்வளவு வசூல் என்று ஒரு கோடு போட்டிருப்பார்கள்; அதற்குக் கீழே இறங்கினால் வெள்ளிக்கிழமை படத்தைத் தூக்கிவிடுவார்கள். மதுரையில் மூன்று வாரம் தாண்டினால்தான் சுற்றுப்பட்டு ஊர்த் தியேட்டர்காரர்கள் முன்பணம் கொடுத்துக் கேட்பார்கள். பரமசிவம் அண்ணன் கொடிக்காலை மீட்க அந்த முன்பணம் ஒன்றுதான் வழி.

இரண்டாவது வாரம் ஒரு மேட்னி. டிக்கெட் விற்றது இருநூற்றுப் பதினான்கு. தலை எண்ணினேன், அறுபத்தொன்று. பால்கனிக்கு ஏறி இறங்கி மறுபடி எண்ணினேன். அதே அறுபத்தொன்றுதான். இந்த வேலையில் தலை கூடிப் பார்த்திருக்கிறேன், டிக்கெட் கூடிப் பார்த்ததில்லை. புக்கிங் கிளார்க்கிடம் போய் நின்றேன். அவர் எரிந்து விழுந்தார்: "இம்புட்டு நாளா தலை கூடுதுன்னு சண்டைக்கு வந்தீக, இன்னைக்கு டிக்கெட்டு கூடுதுன்னு வாரீக. எதைத்தாண்ணே நீங்க ஒத்துக்கிருவீக?"

எதிர்த்த டீக்கடை

தியேட்டருக்கு எதிரே டீக்கடையில் பரமசிவம் அண்ணன் உட்கார்ந்திருந்தார். மடியில் டிக்கெட் கட்டு. வட்டிக்கடைக்காரரிடம் மேலும் கொஞ்சம் வாங்கித் தன் படத்துக்குத் தானே டிக்கெட் எடுத்து, மார்க்கெட்டில் மூட்டை இறக்குகிறவர்களுக்குச் சும்மா கொடுத்துக்கொண்டிருந்தார். அவர்களும் கும்பிட்டு வாங்கிக்கொண்டார்கள். பகல் காட்சிக்குப் போனால் அன்றைய கூலி யார் கொடுப்பது? டிக்கெட்டைப் பையில் வைத்துக்கொண்டு வேலையைப் பார்க்கப் போய்விட்டார்கள். அது அவருக்குத் தெரியாது. காலி நாற்காலியைப் பார்க்கும் தைரியம் இல்லாமல் அவர் உள்ளே வருவதே இல்லை.

"அண்ணே, நீங்க போடுற ரூபாயில கால்வாசிகூட உங்களுக்குத் திரும்பி வராதே" என்றேன். அவர் சிரித்தார். "உள்ள எம்புட்டுப் பேரு தம்பி?" என்று கேட்டார். அந்த முகத்தைப் பார்த்து அறுபத்தொன்று என்று சொல்ல எனக்கு வாய் வரவில்லை. பரவாயில்லை என்றேன். அவர் தேறிவிட்டார்: "கொடிக்காலுக்கு இறைக்கிற தண்ணியில வாய்க்கா குடிக்கிறதுதான் நெறையா. அதுக்காக இறைக்காம இருக்க முடியுமா தம்பி?"

கையெழுத்து

எங்கள் தினசரி வசூல் தாளில் தலைக்கென்று தனிக் கட்டம் உண்டு. டிக்கெட்டைவிடத் தலை குறைந்தால், படம் எடுத்தவரே டிக்கெட் வாங்குகிறார் என்று கம்பெனி கண்டுபிடித்துப் படத்தைக் கைகழுவிவிடும். அந்த வாரம் முழுக்க டிக்கெட் எண்ணிக்கையையே தலைக் கட்டத்திலும் எழுதிக் கையெழுத்துப் போட்டேன். நல்ல காரியம் செய்ததாக நினைத்து நிம்மதியாகத் தூங்கவும் செய்தேன்.

தாளைப் பார்த்த எங்கள் முதலாளி பரமசிவம் அண்ணனைக் கூப்பிட்டு அதைக் காட்டி, படம் பிடித்துக்கொண்டது, மேலூருக்கும் அவனியாபுரத்துக்கும் ஒரே நாளில் போட இன்னும் இரண்டு பிரிண்ட் எடுக்கலாம் என்றார். பிரிண்ட் செலவு படம் எடுத்தவருடையது. அவர் மறுபேச்சில்லாமல் கொடிக்காலின் மிச்சத்தையும் எழுதிக் கொடுத்தார். ஆள் வராமல் மேலூரில் மூன்றாம் நாள் படப்பெட்டி திரும்பியது, அவனியாபுரத்தில் இரண்டாம் நாள். அடுத்த மாதம் கொடிக்கால் வட்டிக்கடைக்காரரிடம் போனது.

மனசு கேட்காமல் சோழவந்தானுக்குப் போய், தலைக் கணக்கு நான் எழுதிய பொய் என்று ஒப்புக்கொண்டேன். திட்டுவார் என்று எதிர்பார்த்தேன், திட்டியிருந்தால் தேவலை. அவர் சொன்னார்: "டிக்கெட்டு பொய்யின்னு எனக்குத் தெரியும் தம்பி. தலை நெசம்னுல்ல நெனச்சேன். சும்மா குடுத்தவங்க அம்புட்டுப் பேரும் உள்ள போயி என் படத்தைப் பாத்தாங்கன்னுல்ல நம்புனேன். உங்க கையெழுத்து இருந்துச்சே."

ஒன்பது வருஷ வேலையில் நான் இரக்கப்பட்டது ஒரே ஒரு வாரம்தான்; அதற்கான செலவையும் அவரே கட்டினார்.